வத்தளையில் விட்டுவந்த மோட்டார் சைக்கிள்

காலை எட்டேகாலுக்கு வெள்ளவத்தைக் காலி வீதியில் முச்சக்கர வண்டி ஒன்றை மறித்து ஏறினோம். கொட்டாஞ்சேனைக்குப் பதினொரு கிலோமீற்றர். மீற்றர் பூட்டிய வண்டி. இறங்கும்போது ஆயிரத்து நாற்பது ரூபா காட்டியது. அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்கள் சனிக்கிழமை காலையில் போகலாம். கடலோர வீதி வெறுமையாக இருக்கும். ரயில் பாதைக்கு அப்பால் கடலும் கொள்ளுப்பிட்டி வரை கூடவே வரும். புறக்கோட்டையில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டிவரும். அங்கே லொறிகளில் மூட்டை ஏற்றுகிறவர்களுக்குச் சனிக்கிழமையும் ஒன்றுதான், திங்கட்கிழமையும் ஒன்றுதான்.

என்னோடு வந்தவள் என் தங்கையின் மகள் தர்ஷினி. வயது முப்பது. சண்டிலிப்பாயில் பிறந்து, கிளிநொச்சியில் விவசாயம் படித்து, கொழும்பில் ஒரு விதைக் கம்பனியின் அலுவலகத்தில் வேலை கிடைத்ததால் இரண்டரை வருடங்களாக என் வீட்டில் இருந்தாள். இப்போது அவளுக்கு விவசாயப் போதனாசிரியராக அரசாங்க நியமனம் வந்திருந்தது. இடம் நெடுங்கேணி. வவுனியாவுக்கு வடக்கே, காட்டோரக் கிராமங்கள். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் இடையில் கிரவல் பாதை, குளக்கட்டு, மணல். ஸ்கூட்டர் அங்கே ஒரு மாரிக்குத் தாங்காது. தார் வீதியிலும் ஓடக்கூடிய, காட்டுப் பாதையிலும் ஓடக்கூடிய உயரமான வகை மோட்டார் சைக்கிள்தான் வேண்டும். இறக்குமதி பல வருடங்கள் நின்றிருந்ததால் அந்த வகை எங்கள் நாட்டில் குறைவு, உள்ளவை பழையவை. இணைய விளம்பரங்களில் தேடி அவள் இரண்டைத் தெரிவுசெய்து வைத்திருந்தாள். ஒன்று கொட்டாஞ்சேனையில், மற்றது வத்தளையில்.

எது தனக்குப் பொருந்தும் என்று சொல்லத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் முப்பத்தொரு வருடம் வாகனக் காப்புறுதி மதிப்பீட்டாளராக இருந்தவன். விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்து எங்கே அடிபட்டது, எதை மறைக்கிறார்கள் என்று சொல்வது என் தொழில். அதோடு எனக்குச் சிங்களம் நன்றாக வரும். தர்ஷினிக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வரும்.

இந்தப் பயணத்தில் நான் என் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. செய்யத் தெரியாமல் அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில் எட்வின் வீடு. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிற, ஆறடி உயரமான மனிதர். வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார். பெற்றோல் தாங்கியில் அந்தோனியார் படம் ஒட்டியிருந்தது.

ஜப்பானில் செய்தது. இருநூற்றைம்பது சிசி, இருபது வயதுக்கு மேல். நிறை நூற்றிமுப்பது கிலோவுக்குள். இந்த வகைக்கு அது இறகு மாதிரி. என்ஜினின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையில் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. மரவேரின் மேலாலும் கல்லின் மேலாலும் தட்டாமல் போகும். கேட்ட விலை பதினொரு இலட்சம். உதிரிப்பாகத்துக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குத்தான் வரவேண்டும், வவுனியாவில் கிடைக்காது. இருக்கை தரையிலிருந்து எண்பத்தேழு சென்ரிமீற்றர். தர்ஷினி ஐந்தடி ஓரங்குலம்.

“அங்கிள், இது ஜப்பான் சாமான். மன்னாருக்குப் போயிருக்கேன், யால பக்கம் போயிருக்கேன். ஒரு நாளும் ரோட்டுல விட்டதில்ல” என்றார் எட்வின்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. “மடுத் திருநாளுக்குப் போய் ரெண்டு நாள் கழிச்சு லொறியில வந்தது யாரு?”

“அது பெற்றோல் இல்லாத காலம். அதையும் இந்த சைக்கிள் தலையில போடாத.”

தர்ஷினி ஏறினாள். ஏறுவதற்கே காலைத் தூக்கி வீச வேண்டியிருந்தது. இருந்ததும் ஒரு பக்கப் பெருவிரல் மட்டும் நிலத்தில் பட்டது. ஆனால் ஓட்டத் தொடங்கியதும் அந்த வண்டி அவளுக்குக் கீழே அழகாகப் போயிற்று. பேராலயத்தின் பக்கமாக ஒரு சுற்றுப் போய் வந்தாள். ஓடும் வரைக்கும் உயரம் ஒரு பிரச்சினை இல்லை, நிற்கும்போதுதான் பிரச்சினை. ஒழுங்கை வாசலில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வர, நிறுத்தினாள். இடது கால் போன இடத்தில் நிலம் இருக்கவில்லை, வாய்க்கால் ஓரம் சரிந்திருந்தது. வண்டி அவளோடு சேர்த்து மெல்ல மெல்லச் சரிந்தது. தள்ளுவண்டியில் அன்னாசி விற்றவரும் எட்வினும் ஓடிப்போய்ப் பிடித்தார்கள்.

“தங்கச்சி, ரெண்டு அங்குலம் வளந்துட்டு வாங்க. சைக்கிள் எங்கயும் போகாது” என்றார் அன்னாசிக்காரர்.

“முப்பது வயசுக்குப் பிறகு அகலமாத்தான் வளரலாம் அண்ணை” என்றாள் தர்ஷினி. ஒழுங்கையே சிரித்தது. எட்வினின் மனைவி எங்களுக்கு இஞ்சித் தேநீர் கொண்டுவந்து தந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்று விடைபெற்றோம்.

*

பத்தரைக்கு மட்டக்குளிப் பாலத்தால் களனி ஆற்றைக் கடந்தோம். ஆறு கலங்கி, அகலமாக, அவசரம் இல்லாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொழும்பில் அறுபது வருடம் இருந்தும் அந்தப் பாலத்தில் ஒருநாளாவது இறங்கி நின்றதில்லை என்று தர்ஷினியிடம் சொன்னேன். “இண்டைக்கும் இறங்க நேரமில்லை மாமா” என்றாள். அவளுக்கு மற்ற மோட்டார் சைக்கிளைப் பார்க்கிற அவசரம்.

ஹெந்தளையில், பழைய ஹமில்டன் கால்வாய்க்குப் பக்கத்தில் நிமலின் வீடு. கொட்டாஞ்சேனையிலிருந்து ஆறரைக் கிலோமீற்றர், அறுநூற்றிருபது ரூபா. நாற்பது வயதிருக்கும். ஒரு தொழிற்சாலையில் பகுதிப் பொறுப்பாளர். இரண்டாவது பிள்ளை பிறந்துவிட்டதால் சிறிய கார் ஒன்று எடுக்கப்போகிறார், அதற்காக மோட்டார் சைக்கிளை விற்கிறார். மனைவி பெயர் குமாரி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று எங்களை வரவேற்றார்.

இது இந்தியத் தயாரிப்பு. இருநூறு சிசி. ஜப்பான் வண்டியை விட முப்பது கிலோ கூட. விழுந்தால் தூக்கக் கஷ்டம். மணலில் முன்சக்கரம் கொஞ்சம் புதையும். ஆனால் இருக்கை ஐந்து சென்ரிமீற்றர் தாழ்வு. பெற்றோல் குறைவாகத்தான் குடிக்கும். உதிரிப்பாகம் வவுனியாவில் மட்டுமல்ல, புளியங்குளத்திலும் கிடைக்கும். கேட்ட விலை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம்.

நான் குனிந்து பார்த்தேன். என் வாழ்நாளில் பார்த்த சுத்தமான வண்டிகளில் அது ஒன்று. வண்டிச் சட்டத்தில் வளைவு இல்லை, பெயின்ற் பூசி மறைத்த இடம் இல்லை, ஹாண்டில் நேராக நின்றது. தர்ஷினி ஏறி இருந்தாள். இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் பட்டன. என்னையும் பின்னால் ஏறச் சொன்னாள். எழுபத்திரண்டு வயதில் நான் ஏற எடுத்த நேரத்தில் குமாரி குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துச் சிரித்தார். கால்வாய் ஓரமாக, கடற்கரை மணல் வரை போய் வந்தோம். திரும்பும் இடத்தில் ஒரு நாய் குறுக்கே வர, நிறுத்தினாள். இரண்டு காலையும் ஊன்றி, எனது நிறையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய முதுகு இறுக்கம் விட்டதை நான் பின்னாலிருந்தே உணர்ந்தேன்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அவளுடைய வண்டி என்று. இதை வாங்கினால் அடுத்த மாதம் அவள் போய்விடுவாள் என்பதும் தெரிந்தது.

நான் தனியாக இருக்கிறவன். மனைவி காலமாகி நான்கு வருடம். மகன் ரொறன்ரோவில். மாலை ஆறரைக்குத் தர்ஷினி வேலையால் வந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு நாள் என்று ஒன்று தொடங்கும். காட்டுப் பாதையில், யானை திரிகிற இடத்தில், ஒரு பெண் தனியாக மோட்டார் சைக்கிளில் போவது ஆபத்து என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அதில் பொய் இல்லை. அடிபட்ட மோட்டார் சைக்கிள்கள் எத்தனையோ பார்த்தவன் நான். ஆனால் ஹெந்தளையில் நான் செய்ததற்கு அந்தப் பயம் காரணம் இல்லை. வீடு வெறுமையாகிவிடும் என்பதுதான் காரணம்.

நிமலுக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும், தர்ஷினிக்கும் வரும். இரண்டு பேரும் தட்டித்தடுமாறிக் கதைத்திருக்கலாம். நான் நடுவில் நின்றதால் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தே கதைத்தார்கள்.

வண்டி ஒருநாளும் விழவில்லை என்று நிமல் சிங்களத்தில் சொன்னார். முன் ஷொக் அப்சோர்பரில் எண்ணெய் கசிந்து ஒருமுறை சீல் மாற்றினேன், வேறொன்றும் இல்லை, என் மனைவியும் நீர்கொழும்பு வரை ஓட்டுவாள் என்றார்.

“என்ன மாமா சொல்லுறார்?”

“முன்னால ஒருக்கா நல்லா அடிபட்டிருக்காம் பிள்ளை. சட்டத்தை நேராக்கி எடுத்ததாம்” என்றேன்.

அவள் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தாள். என் கண்ணுக்குத் தப்பியதைத் தான் காணலாம் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

தங்கச்சிக்கு என்ன வேலை என்று நிமல் கேட்டார். விவசாயப் போதனாசிரியர், வன்னியில் வயல் வயலாகப் போகவேண்டும் என்று நான் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. தன் அப்பா ஹிங்குராங்கொடையில் நெல் செய்கிறவர் என்றார். அங்கே வருகிற போதனாசிரியருக்கு வாகனம் இல்லாததால் போகம் முழுக்க ஒருமுறைகூட வயலுக்கு வருவதில்லை என்றார். பிறகு தர்ஷினியைப் பார்த்துக்கொண்டு, வயலுக்குப் போகிற பிள்ளைக்கென்றால் ஐம்பதாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னார். குமாரியும் தலையை ஆட்டினார்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள்.

“விலையில அசையிறார் இல்லை” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நான் நிமல் பக்கம் திரும்பி, பிள்ளைக்கு வண்டி பாரமாக இருக்கிறதாம், வேண்டாமாம் என்று சிங்களத்தில் சொன்னேன். நிமலுக்கு அது விளங்கவில்லை. இப்போதுதானே இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தாள் என்றார். நான் தோளைக் குலுக்கினேன். பரவாயில்லை அங்கிள் என்று அவர் கேற் வரை வந்து வழியனுப்பினார்.

*

ஒன்றேகாலுக்கு வீடு வந்தோம். சாப்பிட்டோம், நான் கொஞ்சம் படுத்தேன். நான்கு மணிக்குத் தர்ஷினி தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து எதிரே இருந்தாள்.

“அப்ப எது மாமா?”

எனது தொழிற்குரலில் பதில் சொன்னேன். அந்தக் குரலை நம்பி நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. வத்தளை வண்டி அடிபட்டது, சட்டம் நேராக்கின வண்டியைக் காட்டுப் பாதையில் நம்பக்கூடாது. கொட்டாஞ்சேனை வண்டி நல்லது, ஆனால் உனக்கு உயரம். இரண்டும் சரிவராது. நியமனத்தை ஆறு மாதம் பின்போடக் கேட்டு எழுதிப் பார், அதற்குள் வேறொன்று வரும் என்றேன். உயரத்தைக் குறைக்க வழிகள் உண்டு. அதை நான் சொல்லவில்லை.

அவள் ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்தாள். வழமையாக இரண்டு மிடறில் முடிக்கிறவள். நான் குடித்து முடிக்கும் வரை எழும்பவில்லை. பிறகு இரண்டு கோப்பைகளையும் கழுவி வைத்துவிட்டு, பல்கனியில் நின்று எட்வினுக்குத் தொலைபேசி எடுத்தாள். பத்து இலட்சத்து அறுபதாயிரத்துக்குப் பேசி முடித்தாள்.

மூன்று வாரத்தில் மோட்டார் சைக்கிளை ரயிலில் பொதியாகப் போட்டு, தானும் அதே ரயிலில் வவுனியாவுக்குப் போனாள். எட்வினின் மனைவி கோட்டை நிலையத்துக்கு வந்து, அந்தோனியார் படத்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

*

இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் நெடுங்கேணிக்குப் போனேன். தொலைபேசியில் எல்லாம் நல்லது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள். வைக்கும்போது கவனமாக இருங்கோ மாமா என்பாள். முன்பெல்லாம் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள்.

கோட்டையிலிருந்து காலை ரயில். பதினொன்றரைக்கு வவுனியா. ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தால் மதவாச்சிக்குப் பிறகு வலதுபக்கம் பாருங்கள். குளம் முடிய வயல், வயல் முடியக் காடு, காடு முடிய மறுபடியும் குளம். வவுனியாவில் நெடுங்கேணி பஸ் முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று. புளியங்குளத்தில் பெரிய வீதியை விட்டுக் கிழக்கே திரும்பும். மொத்தம் நாற்பது கிலோமீற்றர் வரும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஓர் உழுந்து விவசாயி. யார் வீட்டுக்கு என்று கேட்டார். தர்ஷினியின் பெயரைச் சொன்னேன்.

“சைக்கிள் மிஸ்ஸோ?” என்றார். “நல்ல பிள்ளை. மழையெண்டாலும் வருவா. ஆனா எங்கட வளவுக்க வந்தா முதல் உரலைத்தான் தேடுவா.”

ஏன் என்று கேட்டேன்.

“இறங்கிறதுக்கு. உரலுக்குப் பக்கத்தில கொண்டுவந்து நிப்பாட்டி, அதில கால் வைச்சுத்தான் இறங்குவா. உரல் இல்லாத வீட்டுக்காரர் கல்லு வைச்சிருக்கினம். என்ர மனிசி சொல்லுறவ, மாப்பிள்ளைக்குக்கூட நாங்கள் இப்பிடி வைக்கேல்லையாம்.”

பஸ்ஸில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

நெடுங்கேணியில் இறங்கி நின்றேன், இரண்டரை மணிக்குத் தர்ஷினி வந்தாள். வீதி ஓரத்தில் மதகுக் கட்டு ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் வந்து, அதில் ஒரு காலை வைத்து நிறுத்தினாள். வாடகைக்கு இருந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் கழற்றக் குனிந்தபோது காற்சட்டை மேலேறி, வலது கெண்டைக்காலில் உள்ளங்கை அளவு தீக்காயத் தழும்பைக் கண்டேன். புதிய தோல், இளஞ்சிவப்பு. புகைக்குழாயின் சூடு அது. எந்தக் கோணத்தில் விழுந்தால் அந்த இடத்தில் படும் என்று எனக்குத் தெரியும். வண்டி அவளுக்கு மேல் கிடந்திருக்கிறது. உடனே தூக்க ஆள் இருந்திருக்கவில்லை.

“எங்க?”

“ஒரு வாய்க்கால் வரம்பில. ஆடு வந்திட்டுது. கால் எட்டேல்லை.” பிறகு, “இப்ப காயம் மாறிட்டுது மாமா” என்றாள்.

நான் சொன்னேன். நிமல் சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். விழாத வண்டி. ஐம்பதாயிரம் குறைப்பு. உன் பெயரால் அவரிடம் நான் சொன்ன பொய். ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை.

“விழுந்ததோ இல்லையோ எனக்கு விளங்கேல்லை. ஆனா அந்த ஆள் ‘அடு கரலா தென்னம்’ எண்டது விளங்கினது. வெள்ளவத்தை மார்க்கெட்டில மரக்கறி வாங்கின ஆருக்கும் அது விளங்கும் மாமா. குறைச்சுத் தாறன் எண்டு ஒரு மனிசன் சொல்லுறார், நீங்கள் அசையிறார் இல்லை எண்டுறியள். அப்ப மற்றதும் பொய் எண்டு தெரிஞ்சிட்டுது.”

“அங்கயே கேட்டிருக்கலாமே பிள்ளை.”

“அந்த ஆளுக்கு முன்னால உங்களை என்னெண்டு பொய்யன் ஆக்கிறது?”

என் பார்வை மறுபடியும் அந்தத் தழும்புக்குப் போயிற்று.

“வீட்ட வந்து நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் பாத்தனான். நீங்கள் வேலையைப் பின்போடச் சொன்னியள். அந்தச் சைக்கிளை வாங்கினா உங்கட பொய் வெளியில வரும். வாங்காட்டி வேலை போகும். மற்றதை வாங்கினா ரெண்டும் இல்லை.”

எங்கள் குடும்பங்களில் இப்படித்தான் வளர்க்கிறோம். பெரியவர் தவறாகச் சொன்னாலும் பிறத்தியாருக்கு முன்னால் மறுத்துப் பேசக்கூடாது என்று நானே அவளுடைய சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருப்பேன். அந்த மரியாதை எனக்கு எப்போதும் இலவசமாகக் கிடைத்தது. இந்தமுறை அதற்கு விலையாக அவளுடைய கால் சுட்டது.

புது மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். இதை விற்றால் இனி இந்த விலைக்குப் போகாது, பழகியும் விட்டது, சனத்துக்கும் சத்தத்தைக் கேட்டதும் தெரிகிறது என்றாள். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதையும் நிறுத்தினாள்.

“என்னட்ட வேண்டாம். நீங்கள் என்ர மாமா, நான் ஏதோ சமாளிச்சுக்கொள்ளுவன். அந்த ஆளிட்டப் போய்ச் சொல்லுங்கோ. தன்ர அப்பாவை நினைச்சுக் குறைச்சுத் தாறன் எண்ட மனிசன். நாங்கள் பாரம் எண்டு சாட்டுச் சொல்லிப்போட்டுப் போட்டம் எண்டுதானே இண்டைக்கும் நினைச்சுக்கொண்டிருப்பார்.”

அன்றிரவு அவளுடைய அறையில் பாயில் படுத்தேன். காலையில் மதகுக் கட்டு வரை நடந்து வந்து பஸ் ஏற்றிவிட்டாள்.

*

திரும்பும்போது ரயிலில் வரவில்லை. வவுனியாவிலிருந்து அநுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாகக் கொழும்புக்கு வருகிற பஸ் வத்தளையைத் தாண்டித்தான் வரும். இருநூற்றைம்பது கிலோமீற்றர். புத்தளத்துக்குப் பிறகு உப்பளங்களும் தென்னந்தோப்பும் மாறி மாறி வரும். நல்ல பாதை. நான் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. சிங்களத்தில் என்ன சொல்வது என்று திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டு வந்தேன். அறுபது வருடமாகப் பேசுகிற மொழி. அன்றைக்கு எந்தச் சொல்லும் நேராக நிற்கவில்லை.

நாலேகாலுக்கு வத்தளைச் சந்தியில் இறங்கி முச்சக்கர வண்டியில் ஹெந்தளைக்குப் போனேன். நிமல் வேலையால் வந்திருந்தார். முற்றத்தில் சிறிய கார் நின்றது. மோட்டார் சைக்கிளை நீர்கொழும்புக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார். நான் வாங்க வந்தேன் என்று நினைத்துவிட்டார்.

நான் நின்றபடியே சொன்னேன். குமாரி கதவில் வந்து நின்று கேட்டார். ஏன் அங்கிள் என்று நிமல் ஒரேயொரு தரம் கேட்டார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்றேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபித்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். இருக்கச் சொன்னார். குமாரி தேநீர் கொண்டுவந்தார்.

தங்கச்சி இப்போது எதை ஓட்டுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். காலில் சுட்டதையும் சொன்னேன். அவர் உடனே எழுந்துவிட்டார். அந்த ஜப்பான் வண்டியைப் பதித்து உயரத்தைக் குறைக்கலாம் என்றார். பின் ஷொக்கோடு சேர்கிற இணைப்பை மாற்ற வேண்டும், முன் குழாய்களைக் கிளாம்பில் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும், இருக்கைப் பஞ்சை வெட்ட வேண்டும். நாலைந்து சென்ரிமீற்றர் குறையும். ஜாஎலையில் அந்த இணைப்பைச் செய்கிறவர் இருக்கிறார், பஸ்ஸில் போட்டுவிட்டால் வவுனியாவில் பூட்டலாம். எனக்கு இதெல்லாம் தெரியும். நாலு மணித் தேத்தண்ணி நேரத்தில் நான் அவளுக்குச் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அவளுடைய இலக்கத்தைக் கேட்டார். கொடுத்தேன்.

“நான் அழைப்பை எடுத்துத் தருகிறேன், நீங்கள் சொல்வதை நான் அவளுக்குத் தமிழில் சொல்கிறேன்” என்றேன்.

நிமல் கொஞ்சம் தயங்கினார். நல்ல மனிதர், சொல்லக் கஷ்டப்பட்டார்.

“எபா அங்கிள்” என்றார். வேண்டாம். தன்னோடு வேலை செய்கிற ஹட்டன்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்குத் தமிழ் வரும், அவரை வைத்துக் கதைக்கிறேன் என்றார்.

நான் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அவர் அந்த நண்பரைப் பிடித்து, தர்ஷினியையும் இணைப்பில் சேர்த்துவிட்டார். கால்வாய்ப் பக்கமாக நடந்துகொண்டே கதைத்தார். கையால் காற்றில் உயரம் காட்டினார், யாரும் பார்க்க முடியாத உயரம். ஒருதரம் சத்தமாகச் சிரித்தார். அந்த ஹட்டன்காரர் ஒவ்வொரு சொல்லையும் சொன்னபடி சொல்லியிருக்க வேண்டும். நான் குமாரியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

வத்தளையிலிருந்து புறக்கோட்டை, அங்கிருந்து நூறாம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தை. எங்கள் மாடிக் கட்டடத்தில் மூன்று மொழியும் புழங்கும். மின்சார மீற்றர் பார்க்க ஆள் வந்தாலும் குழாய் உடைந்தாலும் அயலார் என்னைத்தான் கூப்பிடுவார்கள், வந்து இவர் என்ன சொல்கிறார் என்று சொல்லுங்கள் என்பார்கள். படியேறும்போது கீழ்வீட்டுக்காரர் அப்படித்தான் மறித்தார். நாளைக்கு வர்ணம் பூசுகிறவர் வருகிறாராம், கூட நிற்க முடியுமா என்று கேட்டார். களைப்பு என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

கைபேசியில் தர்ஷினியின் செய்தி இருந்தது. நிமல் அண்ணை கதைச்சவர், நீங்கள் வீட்ட போய்ச் சேந்திட்டீங்களா என்று எழுதியிருந்தாள். என்ன கதைத்தார்கள் என்று எழுதவில்லை. கேட்க எனக்கும் கை வரவில்லை. சேர்ந்துவிட்டேன் என்று மட்டும் பதில் அனுப்பினேன்.